எப்படிப் போவது

ஊர்சுற்றி என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவளுடைய அப்பா. வாழ்த்தி வைத்த பெயர் இல்லை. பள்ளிக்கூடம் விட்டால் கால் மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய வீட்டுக்கு, ஏறிய பேருந்தில் கடைசி நிறுத்தம் வரை போய், அதே பேருந்தில் திரும்பி, ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து நிற்பாளாம். "எங்கடி போன?" என்று கேட்டால், "சும்மா பார்த்துட்டு வந்தேன்" என்பாளாம். அவருக்கு அந்தச் சும்மா பிடிக்கவில்லை. அம்மா இல்லாத வீடு. எட்டு வயது மூத்த அக்காதான் அவளை வளர்த்தது. அப்பாவின் கை ஓங்கும்போது குறுக்கே வந்து நின்றதும் அக்காதான்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. நான் அவளை முதலில் பார்த்தபோது அவள் எங்கள் வாரப் பத்திரிகையின் சந்தா பிரிவில் முகவரிச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் அலுவலகம். வெயில் ஏற ஏற ரப்பர் வாடையும் படியேறி வரும். சந்தா பிரிவு என்றால் ஒரு நீள மேசை, ஒரு பசை வாளி, ஒரு ஜன்னல், அவ்வளவுதான். நான் புரூஃப் பார்ப்பவன். என் மேசை அவளுக்கு எதிரே. சீட்டு ஒட்டும்போது அவள் உதடு அசைவதைப் பார்த்து ஒருநாள் கேட்டேன்.

"என்னம்மா, மந்திரம் ஏதாவது சொல்றியா?"

"இல்ல சார். ஊர் பேரைப் படிக்கிறேன். சில பேர் நல்லா இருக்கு."

அப்போது எங்கள் பயணப் பக்கத்தை ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். அவர் போகும் எல்லா ஊரிலும் படுக்கை விரிப்பு வெள்ளை வெளேரென்று இருக்கும். எல்லா மலையும் கம்பீரமாக நிற்கும். 'கம்பீரமாக' என்ற சொல்லை வாரத்துக்கு நாலு இடத்தில் வெட்டுவேன். மறுவாரம் முளைத்து வரும். ஒரு வாரம் அவருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. இரண்டு பக்கம் காலி. நாங்கள் பெரியவர் என்று அழைத்த அன்றைய ஆசிரியர் தன் அறைக்கு வெளியே வந்து நின்று, "யாராவது சமீபத்துல எங்கேயாவது போனீங்களாப்பா?" என்று பொதுவாகக் கேட்டார். பசை வாளிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"போன மாசம் பஸ்ல பன்னெண்டு மணி நேரம் போனேன் சார்."

"எங்கே?"

"எங்க அக்காவுக்கு ஒரு தையல் மிஷின் பாகம் வாங்க. ஊர் பெருசா ஒண்ணும் இல்ல. பஸ்ஸை வேணா எழுதலாம்."

பஸ்ஸைத்தான் எழுதினாள். எந்தப் பக்க இருக்கையில் எத்தனை மணிக்கு வெயில் விழும், எந்த நிறுத்தத்தில் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஓட்டுநர் எந்த இடத்தில் தூக்கம் கலைக்க வீட்டுக்குப் போன் போடுகிறார், பக்கத்து இருக்கைப் பெண் மகளின் புது வீட்டுக்காக ஒரு மின்விசிறியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தது. எழுத்துப் பிழை நிறைய இருந்தது. வேறு பிழை ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் வாசகர் கடிதம் வந்து குவிந்ததைப் பார்த்துவிட்டு, பெரியவர் வங்கி மேலாளருக்குக் கண் முழுதாகக் குணமாகும் வரை ஓய்வெடுக்கும்படி மரியாதையாக எழுதிப் போட்டார். அவருக்கு அது கடைசி வரை குணமாகவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். பகுதிக்கு என்ன தலைப்பு என்று கேட்டபோது அவள் யோசிக்கவேயில்லை. "ஊர்சுற்றின்னு வைங்க சார். வீட்ல அப்படித்தான் கூப்பிடுவாங்க."

வேலை என்று சொன்னால் அது இரட்டை வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை சீட்டு ஒட்ட வேண்டும். வெள்ளி மாலை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் திங்கள் காலை நேராக அலுவலகத்துக்கு வந்து முகம் கழுவிக்கொள்வாள். எந்த ஊரில் இறங்கினாலும் பார்க்க வேண்டிய இடம் எது என்று விசாரிக்க மாட்டாள். "இங்கே தண்ணி எத்தனை மணிக்கு வரும்?" என்றுதான் முதலில் கேட்பாள். அந்தக் கேள்விக்கு வாய் திறக்காத மனிதர் கிடையாது என்பது அவள் கண்டுபிடிப்பு. தண்ணீரில் ஆரம்பித்து மாமியார் வரைக்கும் வந்துவிடுவார்களாம்.

தனியாக வரும் பெண்ணுக்கு அறை இல்லை என்று விடுதிக்காரர்கள் கதவைச் சாத்துவார்கள். பத்திரிகை அட்டையைக் காட்டினால் கொஞ்சம் திறப்பார்கள். திறந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள் இல்லை என்பதால், பேருந்து நிலையத்தின் பெண்கள் காத்திருப்பு அறையே மேல் என்று முடிவு செய்தாள். அங்கேயும் கழிப்பறை பூட்டியிருக்கும். சாவி யாரிடமோ இருக்கும். பயணத்தில் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகினாள். முப்பத்தைந்து வயதில் முதல் தடவை சிறுநீரகக் கல் என்று படுத்தாள். "ஊரெல்லாம் சுத்தி ஒரு கல்லுதான் சார் கொண்டு வந்தேன்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் சிரித்தாள். மருத்துவர் சிரிக்கவில்லை.

நடுவில் ஒரு கல்யாணமும் இருந்தது. மருந்துக் கடையில் வேலை பார்த்த மனிதர், சாதுவானவர். அவள் திரும்பி வரும் நாளில் சோற்றை மூடி வைத்திருப்பார். நாலு வருடம் மூடி வைத்தார். பிறகு ஒருநாள், "நீ வர்ற தேதியை எப்பவும் சொல்லிட்டுத்தான் போற, அதுல குறை சொல்ல முடியாது. நானும் என் தேதியைச் சொல்லிடறேன்" என்று சொல்லி வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். சண்டை போட்டிருந்தால் மனசு ஆறியிருக்கும் என்று அவள் ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னாள்.

அவளுக்கு இளைப்பாற இருந்தது அக்கா வீடுதான். ஆற்றங்கரையில் வாடகை வீடு. பின்கட்டைத் திறந்தால் படி நேரே தண்ணீரில் இறங்கும். அக்காவின் வீட்டுக்காரர் துறையில் படகு ஓட்டினார். அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள், பால் கேன்கள், சைக்கிள்கள், எப்போதாவது ஒரு கன்றுக்குட்டி. அக்கா ஜன்னலோரம் தையல் மிஷினைப் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பார். மிதிக்கும்போது ஆற்றைப் பார்த்துக்கொண்டே மிதிக்கலாம். படகு திரும்புவதை வைத்து மணி சொல்வார். ஊர்சுற்றி அங்கே போனால் நோட்டுப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுக்கவே மாட்டாள். இரண்டு நாள் தூங்குவாள். புரூஃப் அவசரம் என்றால் நான் அந்த விலாசத்துக்குத்தான் பேருந்துப் பார்சலில் அனுப்புவேன். அதனால் வழி எனக்கு மனப்பாடம்.

அக்கா விடமாட்டார். "தாழ்ப்பாள் இல்லாத ஊரெல்லாம் பத்திரிகையில வருது. எங்க ஊருக்கு என்னடி குறைச்சல்?" என்பாராம்.

"அதான்க்கா. குறையே இல்ல. எதை எழுதறது?"

"போடி. நாங்க எல்லாம் உன் கண்ணுக்குத் தெரிய மாட்டோம்."

மாமாவும் சேர்ந்துகொள்வாராம். "சின்னவளே, என் படகைப் பத்தி நாலு வரி போடக் கூடாதா? நானும் ஓட்டுநர்தான். தண்ணியில ஓட்டறேன், அவ்வளவுதானே வித்தியாசம்."

இந்தக் கேலி பதினைந்து வருடம் ஓடியது. அவள் எழுதவில்லை.

அப்புறம் பத்திரிகை கைமாறியது. பெரியவர் தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டையும் ஒரு பூந்தொட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். சந்தா பிரிவைக் கம்ப்யூட்டர் விழுங்கியது. நீள மேசையைக் கீழே டயர் கடைக்காரரே வாங்கிக்கொண்டார். அவளுக்கு மிஞ்சியது பகுதி மட்டும். புது ஆசிரியருக்கு வயது முப்பத்திரண்டு. எல்லாரையும் வாங்க போங்க என்பார், நின்றுகொண்டே பேசுவார், யாரையும் கடிந்துகொள்ள மாட்டார். பழையவர் கத்துவார், மறந்துவிடுவார். இவர் கத்தவும் மாட்டார், மறக்கவும் மாட்டார்.

"மேடம், நீங்க கஷ்டத்தை நல்லா எழுதுறீங்க. ஆனா படிக்கிறவங்க அந்த ஊருக்குப் போகணும்னு கிளம்பணும். நீங்க எழுதினதைப் படிச்சா வீட்லயே இருக்கலாம்னு தோணுது."

"நிறைய ஊர் அப்படித்தான் சார் இருக்கு."

"அப்போ வேற ஊரா பாருங்க. யாருக்கும் தெரியாத இடம். அழகா, அமைதியா, சுத்தமா. ஒரே ஒரு தடவை குடுங்க, பார்ப்போம்."

பகுதி இரண்டு பக்கத்திலிருந்து ஒரு பக்கமானது. பிறகு அரைப் பக்கம். அடுத்த மாதத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று ஆசிரியர் மிகுந்த பணிவோடு கேட்டார். அவளுக்கு வயது நாற்பத்தாறு. பசை வாளிக்குத் திரும்பிப் போகலாம் என்றால் வாளியே இல்லை. மூன்று வாரம் அலைந்து வெறுங்கையோடு வந்தாள். நாலாவது வாரம் எங்கேயும் போகவில்லை. அலுவலகத்தில் என் எதிரே உட்கார்ந்து, காலை பத்து மணிக்கு ஆரம்பித்து, சாப்பிடக்கூட எழுந்திருக்காமல், நாலு மணிக்கு எழுதி முடித்தாள்.

அக்கா வீட்டை எழுதியிருந்தாள். தண்ணீரில் இறங்கும் படி, மூடுபனியில் முதலில் குரலும் அப்புறம் முகமுமாக வந்து சேரும் பள்ளிப் பிள்ளைகள், படகில் ஏற மறுத்த கன்றுக்குட்டி, தையல் மிஷின் சத்தமும் துடுப்புச் சத்தமும் ஒரு கட்டத்தில் ஒன்றாகிவிடுவது. இத்தனை வருடத்தில் அவள் எழுதியதில் அதுதான் சிறந்தது. நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, வெறும் வாசகனாக அதை இரண்டு தடவை படித்தேன். ஊர்ப் பெயர் எங்கேயும் இல்லை.

ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே ஒரு பெட்டி உண்டு. 'எப்படிப் போவது' என்று தலைப்பு. அதைக் காலியாக விட்டிருந்தாள்.

"பெட்டியை எடுத்துடுங்க சார்" என்றாள். "ஊர் பேர் வேண்டாம். படிச்சா போதும், போக வேண்டாம்."

"எடுத்துடலாம்மா" என்றேன். அப்படித்தான் சொன்னேன்.

மறுநாள் பக்கம் முடிக்கும் நேரத்தில் ஆசிரியர் என் மேசைக்கு வந்தார். கட்டுரை பிரமாதம் என்றார். பெட்டி இல்லாமல் இந்தப் பக்கம் அச்சுக்குப் போகாது என்றும் அதே மூச்சில் சொன்னார். அவளுக்குப் போன் போட்டேன். வழக்கம்போல் ஏதோ பேருந்தில் இருந்தாள், கிடைக்கவில்லை. ஆசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமா சார்?" என்றார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓய்வு பெற நாலு வருடம் பாக்கியிருந்தது, மகளுக்கு அப்போதுதான் படிப்பு முடிந்திருந்தது, இப்படி எத்தனையோ காரணம் சொல்லலாம். எந்தப் பேருந்து, எந்த நிறுத்தம், இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், துறையில் படகு எத்தனை மணி முதல். நாலு வரி எழுதிக் கொடுத்தேன்.

இதழ் வந்த அன்று அவள் என் எதிரே வந்து நின்றாள். பக்கத்தை விரித்து வைத்திருந்தாள். விரல் பெட்டியின் மேல் இருந்தது.

"சார், இந்த நாலு வரியில பிழை ஒண்ணும் இல்ல."

"பெட்டி இல்லாம போகாதுன்னு சொல்லிட்டார்ம்மா. உனக்குப் போன் போட்டேன்."

"பார்த்தேன். பன்னெண்டு தடவை போட்டிருக்கீங்க."

அந்த வாரமே கட்டுரை போன் போனாகப் பறந்தது. ஆசிரியர் எல்லார் எதிரிலும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். பகுதி பழையபடி இரண்டு பக்கமானது. அப்போது அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது. அதை நான் பார்த்தேன். சொல்லாமல் விட்டால் அவளுக்கு நல்லவனாக இருக்கலாம், நடந்ததைச் சொன்னவனாக இருக்க முடியாது.

அக்காவும் மாமாவும்கூட சந்தோஷப்பட்டார்கள். மாமா கடையில் இருந்த அத்தனை பிரதியையும் வாங்கி, ஒன்றைப் பிளாஸ்டிக் உறை போட்டுப் படகில் மாட்டினார். "என் மிஷின் சத்தத்தைக்கூட விடலையேடி நீ" என்று அக்கா போனில் அழுதாராம். முதல் வாரக் கடைசியில் இருபது பேர் வந்தார்கள். அக்கா அவர்களை உட்காரவைத்து டீ கொடுத்தார். இரண்டாம் மாதம் வாரக் கடைசிக்கு முந்நூறு பேர். ஜன்னலுக்கு வெளியே நின்று, தைக்கும் அக்காவைக் கேட்காமலே படம் எடுத்தார்கள். ஒருத்தி மிஷினில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டாள். பத்துப் பேர் ஏறும் படகில் பதினெட்டுப் பேர் ஏறினார்கள். திங்கட்கிழமை பள்ளிப் பிள்ளைகளுக்கு இடம் இல்லை. பின்கட்டுப் படியில் காலி பாட்டில்கள் வந்து ஒதுங்கின.

ஆறாவது மாதம் துறை குத்தகைக்குப் போனது. விசைப்படகு கம்பெனி ஒன்று எடுத்தது. மாமாவின் துடுப்புப் படகுக்கு உரிமம் இல்லை என்று அப்போதுதான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. முப்பது வருடம் யாரும் கேட்டதில்லை. வீட்டின் சொந்தக்காரர் ஆற்றைப் பார்த்த அறைகளை விடுதியாக்கப் போவதாகச் சொல்லி, காலி செய்யச் சொன்னார்.

ஒரு வருடம் கழித்து, 'அந்தத் துறை இன்று' என்று ஒரு கட்டுரை வேண்டுமென்றார் ஆசிரியர். அவள் என் மேசைக்கு வந்தாள்.

"நீங்களும் வாங்க சார். வழி உங்களுக்குத்தான் தெரியுமே."

போனேன். இறங்கும் இடத்தில் முன்பு ஒரு சாய்ந்த மரம் இருந்தது என்று கட்டுரையில் படித்திருக்கிறேன். அங்கே இப்போது கார்கள் நின்றன. ஒலிபெருக்கியில் பாட்டு. ஆரஞ்சு நிற மிதவை உடுப்புகள் கயிற்றில் தொங்கின. அவற்றை எடுத்துப் பயணிகளுக்கு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தவர், கம்பெனி பெயர் அச்சிட்ட மஞ்சள் சட்டை போட்ட ஒரு வயதான மனிதர். சட்டை அவருக்கு ஒரு சுற்றுப் பெரியது. பக்கத்தில் நாற்காலி போட்டு மேற்பார்வையாளன் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

அவள் நேராகப் போய் அவர் முன்னால் நின்றாள். அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"டோக்கன் எடுத்தீங்களா?"

"மாமா, நான்தான்."

"தெரியுது. டோக்கன் எடுத்துட்டு வாங்க. அந்தப் பக்கம் வரிசை."

அக்காவைக் கட்டிய நாளிலிருந்து நீ, வா, போ, சின்னவளே என்று கூப்பிட்டுப் பழகிய மனிதர். வாங்க என்று அவர் சொன்னபோது அவள் ஒரு அடி பின்னால் போனாள். நாங்கள் டோக்கன் எடுக்கவில்லை. படகில் ஏறவும் இல்லை.

அக்கா இருந்தது நெடுஞ்சாலைக்குப் பின்னால், லாரி பழுதுபார்க்கும் கொட்டகையை ஒட்டிய ஒரே அறை. மிஷின் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தது; வேறு பக்கம் போட இடமில்லை. அக்கா எங்களைப் பார்த்ததும் துணியை ஒதுக்கி உட்காரச் சொன்னார். டீ போட்டார். தங்கையின் உடம்பை விசாரித்தார், தண்ணீர் நிறையக் குடிக்கிறாளா என்று கேட்டார். வீட்டின் சொந்தக்காரர் நல்லவர்தான், ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார் என்றார்.

"என்னைத் திட்டுக்கா" என்றாள் அவள்.

"எதுக்கு? நீயா காலி பண்ணச் சொன்ன?"

"திட்டேன்."

"டீ ஆறுது. குடி."

திரும்பும் பேருந்தில் அவள் எழுதினாள். மஞ்சள் சட்டை, டோக்கன், சுவரைப் பார்த்த மிஷின், முப்பது வருடம் யாரும் கேட்காத உரிமம். பேருந்து ஆட்டத்தில் எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது. நான் ஒரு புள்ளிகூடத் திருத்தவில்லை. ஆசிரியர் நின்றுகொண்டே படித்து முடித்தார்.

"மேடம், ரொம்பத் தொடுது. ஆனா அந்தப் படகு கம்பெனிக்காரங்கதான் நம்ம பின்அட்டை விளம்பரம் தர்றாங்க. அவங்க குடுக்கிற பக்கத்துக்கு முன்னாடி இதை எப்படிப் போடறது? நல்ல பக்கத்தையும் கொஞ்சம் பாருங்களேன்."

அவள் தாளை வாங்கிக்கொண்டு வந்தாள். அவள் ராஜினாமா கடிதம் எழுதுவாள் என்று நினைத்தேன். உண்மையில் எதிர்பார்த்தேன், அவள் எழுதினால் நானும் எழுதலாம் என்றுகூட ஒரு அரை நாள் யோசித்தேன். அரை நாள்தான். மாலையில் என் மேசைக்கு வந்த புரூஃபில், 'பயணிகளின் வருகையால் துறை புதுப்பொலிவு பெற்றுள்ளது. வசதிகள் பெருகியுள்ளன' என்று இருந்தது. பழைய வங்கி மேலாளர் எழுதியிருக்கக்கூடிய வாக்கியம். ஒற்றுப் பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

அதற்கப்புறம் அவளுக்கு ஏறுமுகம். 'மறைந்திருக்கும் ஊர்கள்' என்று தொடர். விமானத்தில் அனுப்பினார்கள். விடுதிக்காரர்கள் இப்போது கதவைச் சாத்தவில்லை. பூங்கொத்தோடு வாசலில் நின்றார்கள். தொடர் புத்தகமாக வந்தது. சிறந்த பயண எழுத்தாளர் என்று ஒரு விருது அறிவித்தார்கள். விழாவில் துறைக் கட்டுரையின் முதல் பத்தியை ஒரு நடிப்புப் பயிற்சி பெற்ற பெண் மேடையில் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள். அக்கா வந்திருந்தார். மாமா வரவில்லை. மூன்றாவது வரிசையில் எனக்குப் பக்கத்து நாற்காலி அக்காவுக்கு. வாசிப்பு முடிந்து கைதட்டல் அடங்கியது. அப்புறம் மேடையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்த பஸ் நம்பரெல்லாம் எழுதினது நீங்கதானாமே?"

"ஆமாங்க."

"அவ சொன்னா. உங்களைக் குறையா சொல்லலை. வழி சொல்றதுல தப்பில்லைதான்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை லேசாக அசைத்தார்.

"எழுது எழுதுன்னு நானே எத்தனை வருஷம் கேட்டேன். அதனால அவகிட்ட கோபம் இல்லைன்னு சொல்லிட்டேன். அது பொய். கோபம் இருக்கு. நிறைய இருக்கு. அவகிட்ட சொன்னா அவ அழுதுட்டு லேசாயிடுவா. அதான் சொல்லலை. உங்ககிட்ட சொல்லலாம். இதுல நீங்க பாதி ஆளு."

மேடையில் அவளுக்குச் சால்வை போட்டார்கள். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அக்காவும் எழுந்து கைதட்டினார். நானும் தட்டினேன்.

அவள் நிறுத்திக்கொண்டாள் என்று சொல்ல எனக்கு ஆசை. நிறுத்தவில்லை. மூன்று வருடத்தில் இருபத்தேழு ஊர்களை எழுதினாள். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தெரு, தீவு மாதிரி ஒரு மேடு, ரயில் நிற்காத ஒரு நிலையம். பெட்டியை என்னிடம் விடவில்லை. அவளே நிரப்பினாள், துல்லியமாக. ஒரு தடவை கேட்டேன், "ஏம்மா, மனசு உறுத்தலையா?"

"உறுத்துது சார்" என்றாள். "நான் எழுதலைன்னா வேற ஒருத்தி எழுதுவா. மோசமா எழுதுவா." அந்தப் பதிலை அவளே நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "பசையெல்லாம் ஒட்டி, பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல படுத்து இங்க வந்தேன். திரும்பிப் போறதுக்கு எனக்கு வழி தெரியலை." இதைச் சொல்லும்போது சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் ஓய்வு பெற்ற வருடம் பத்திரிகை அச்சை நிறுத்தியது. அடுத்த வருடம் அவளுக்கு ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். இன்னொன்றும் அரை உயிர்தான். பயணம் கூடவே கூடாது என்று எழுதியே கொடுத்தார் மருத்துவர். மாமா மஞ்சள் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தன் தம்பி வீட்டுக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். ஆற்றைப் பார்க்காத ஊர்தான் வேண்டும் என்றாராம். அக்கா மிஷினை விற்றுவிட்டுத் தங்கையிடம் வந்து சேர்ந்தார். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. அக்காவுக்கும் போக வேறு இடம் இல்லை.

மூன்றாவது மாடி, ஒரு படுக்கையறை, கம்பி போட்ட பால்கனி. ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். மாத்திரை எத்தனை மணிக்கு, உப்பு எவ்வளவு, தண்ணீர் எத்தனை டம்ளர் என்று அக்கா எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறார். குளிக்க வைக்கிறார், தலை வாரிவிடுகிறார். சின்ன வயதில் வளர்த்த மாதிரியே வளர்க்கிறார். ஆற்றைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. விருதுக் கேடயம் அலமாரியில் இருக்கிறது. அக்கா அதைத் துடைக்கிறார், எடுத்த இடத்திலேயே வைக்கிறார்.

போன ஞாயிறு நான் இருக்கும்போது ஒரு போன் வந்தது. கையில் பிடிக்க முடியாததால் அவள் அதை மடியில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். யாரோ ஓர் ஆள், மரியாதையான குரல்.

"மேடம், உங்க புக்கை வெச்சுத்தான் நாங்க எல்லா இடத்துக்கும் போனோம். இப்போ அங்கெல்லாம் ஒரே கூட்டம். கூட்டமே இல்லாத இடம் ஒண்ணு சொல்லுங்களேன். குழந்தைங்களோட போறோம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மறுத்துவிடுவாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் குரல் மாறியது. பல மாதமாக நான் கேட்காத தெளிவு அதில் வந்தது. ஒரு மலையடிவாரத்தைச் சொன்னாள். எந்தப் பேருந்து, எந்த நிறுத்தம், பாலத்தைத் தாண்டி எந்தப் பக்கம் இறங்க வேண்டும், ஓடைக்கு எதிரே எந்த வீட்டில் சாப்பாடு கேட்டால் போடுவார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்லக் கன்னத்தில் ரத்தம் ஓடியது. சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது.

அந்த ஆள் நன்றி சொல்லி வைத்த பிறகு அக்கா ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றார்.

"அங்க ஆளுங்க இருக்காங்களா?"

"எங்கக்கா?"

"இப்போ சொன்னியே, அந்த ஓடைக்கிட்ட. குடியிருக்கிறவங்க."

அவள் போர்வையின் ஓரத்தைப் பார்த்தாள்.

"இருக்காங்க" என்றாள்.

அக்கா உள்ளே போய்க் குழாயைத் திறந்தார்.